ஹாரி பாட்டரை முடித்த 14 வயதுப் பெண்ணுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்?

மழைக்குருவி:
என் அக்கா மகளுக்கு 14 வயது. ஹாரி பாட்டர் 7 பாகமும் மனப்பாடம். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் ‘போரடிக்குது சித்தி’ என்று திருப்பித் தந்துவிடுகிறாள். டோல்கினின் மோதிரக் காவியம் முதல் பாகத்திலேயே நிற்கிறது. அவள் தம்பிக்கு 13. அவனுக்குக் கதையே வேண்டாம், ராக்கெட் வீடியோ போதும். இரண்டு பேரும் தமிழ், ஆங்கிலம் இரண்டும் வாசிப்பார்கள். ரத்தக்களறி அதிகம் வேண்டாம். பட்டியல்கள் நிறைய பார்த்துவிட்டேன். பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அலமாரிக்காரி:
பதின்வயதுப் பிள்ளைகளின் வாசிப்புக் குழு ஒன்றை நடத்துகிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். வயதை விடுங்கள். ஹாரி பாட்டரில் எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாள் என்று கேளுங்கள்.

வித்தை கற்கிற பகுதி என்றால், உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ (1968). அதிலும் மந்திரப் பள்ளி உண்டு. கெட் என்ற பையன் சக மாணவனிடம் வீம்புக்கு ஒரு வித்தையைக் காட்டப்போய், ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அப்புறம் கதை முழுக்க அதோடுதான் ஓட்டமும் துரத்தலும். சின்னப் புத்தகம், ஆனால் நடை நிதானம், உரையாடல் குறைவு. பாதிப் பிள்ளைகள் முனகுவார்கள், மீதிப் பேர் கீழே வைக்க மாட்டார்கள். (கெட் செம்பழுப்பு நிறத்தவன். பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளைக்காரனாக வரைந்தார்கள், லெ குவினுக்கே அதில் கோபம்.)

சிரிப்பும் வாய்த்துடுக்கும்தான் பிடிக்கும் என்றால் டெர்ரி பிராட்செட்டின் ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003). இதை நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். டிஃபனிக்கு 9 வயது. ஆற்றில் ஒரு பூதம் தலைகாட்டுகிறது. அதன் கண்கள் சூப் தட்டு அளவு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. இவள் என்ன செய்கிறாள்? வீட்டுக்குப் போய் சூப் தட்டை அளந்து பார்க்கிறாள். 8 அங்குலம். அப்புறம் தம்பியைத் தூண்டிலாக உட்கார வைத்து, பூதம் வந்ததும் வாணலியால் ஒரே போடு! இந்த இடத்தை நான் வாசித்துக் காட்டிய பிறகு புத்தகம் அலமாரிக்குத் திரும்பி வருவதே அபூர்வம். நீல நிறக் குள்ள மனிதர்கள் பேசும் ஸ்காட்லாந்துக் கொச்சைதான் முதலில் புரியாது. சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பிடிபட்டுவிடும்.

தம்பிக்கு ஆண்டி வியரின் விண்வெளி நாவல்கள். ‘தி மார்ஷியன்’ முதல் வரியிலேயே கெட்ட வார்த்தையோடு தொடங்கும். அது நீக்கப்பட்ட வகுப்பறைப் பதிப்பும் இருக்கிறது. எனக்கு அதைவிட ‘ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி’ (2021) பிடிக்கும். ஒருவன் கண் விழிக்கிறான், தன் பெயர்கூட நினைவில்லை. பொருளைக் கீழே போட்டு, விழும் நேரத்தை அளந்து, கணக்குப் போட்டால் ஈர்ப்பு விசை பூமியில் இருக்க வேண்டியதைவிட அதிகம்! ‘அப்போ நான் எங்கே இருக்கேன்?’ என்பதை அவனோடு சேர்ந்து நாமும் கண்டுபிடிக்க வேண்டும். ராக்கெட் பைத்தியங்களுக்கு இது வேலை செய்கிறது.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும். ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். ‘மீண்டும் ஜீனோ’வையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், உடனே கேட்பார்கள்.

பழையபேப்பர்:
அறிவியல் கதை எழுத்தாளர் அசிமோவ் இல்லாமல் ஒரு பட்டியலா? அவருடைய ‘ஃபவுண்டேஷன்’ எங்கே மேடம்?

அலமாரிக்காரி:
சார், அதில் பாதிக்கு மேல் பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். 13 வயதுக்கு வேண்டாம். ‘ஐ, ரோபாட்’ (1950) கொடுங்கள், சிறுகதைகள்தானே. ‘ரன்அரவுண்ட்’ கதையில் புதன் கிரகத்தில் ஒரு ரோபாட் செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடும். கட்டளைக்குக் கீழ்ப்படி என்கிற விதியும், உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிற விதியும் சரிசமமாக இழுப்பதால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. காரணம் சொல்லும் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, ‘ஏன் ஓடுது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

தூங்காநகர்வாசி:
பெண்ணுக்கு இன்னொன்று: டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986). சூனியக்காரி ஒருத்தி சோஃபியைக் கிழவியாக்கிவிடுகிறாள். கிழவியான பிறகுதான் அவளுக்கு வாயே வருகிறது, யாரையும் விட்டுவைப்பதில்லை. இதை வைத்து மியாசாகி எடுத்த அனிமேஷன் படம் (2004) பார்த்திருந்தாலும் பரவாயில்லை, பிற்பாதி கதையே வேறு.

மழைக்குருவி:
கேட்டுவிட்டேன். அவளுக்கு வகுப்புகள் நடக்கும் பகுதிதான் பிடிக்குமாம். அப்படியானால் எர்த்சீ. வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

அலமாரிக்காரி:
முதல் மூன்றும் வரிசையாக. ஆனால் இரண்டாவதான ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) தொடங்கியதும் ‘கெட் எங்கே?’ என்று கேட்பாள். அதில் நாயகி டெனார் என்ற பெண். கெட் வர நேரமாகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயே மூடிவிடுவாள்.