தம்பியின் வயிறு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறான். வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கொழுப்பே சிக்காது. ஆனால் மூச்சை விட்டதும் வயிறு பானை மாதிரி முன்னால் தள்ளுகிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. 1977 முதல் 1979 வரை மிஸ்டர் ஒலிம்பியா ஆணழகன் பட்டம் வென்ற பிராங்க் ஜேன் வயிற்றை ஒட்ட உள்ளிழுத்து நிற்பாரே, இவனால் அது முடியவே இல்லை.

வேளாவேளைக்குச் சோறும் கோழியும் திணிப்பதாலா? குரோத் ஹார்மோன் (வளர்ச்சி ஹார்மோன்) மிகுந்துபோகும் அக்ரோமெகலி நோயில் உள்ளுறுப்புகள் பெரிதாகுமாம். தசை வளர அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டாலும் அப்படி ஆகுமா? கேட்டால் பேச்சை மாற்றுகிறான். இன்சுலினும் போடுகிறானோ என்றுதான் பெரிய பயம். சர்க்கரை நோய் இல்லாதவனுக்கு அது உயிருக்கே ஆபத்து.

ஜிப்மரில் எந்த ஓ.பி.யில் முதலில் காட்டலாம்? வயிற்று ஸ்கேனோடு என்ன ரத்தப் பரிசோதனை கேட்பார்கள்? அவனைத் திட்டாமல் எப்படிக் கூட்டிப்போவது என்றும் சொல்லுங்கள்.