கன்சோல் எஸ்டிகே அனுமதி: தனி டெவலப்பருக்கு என்ன வழி?

தனியாளாக ஒரு 2டி பிளாட்ஃபார்மர் கேம் செய்கிறேன். என்ஜின் கோடோ 4. பிசியில் கடைசி லெவல் வரை ஓடுகிறது, கன்ட்ரோலர் சப்போர்ட்டும் முடிந்தது. கன்சோலுக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் முட்டி நிற்கிறேன்.

மார்ச்சில் ஒரு கன்சோல் நிறுவனத்தின் டெவலப்பர் தளத்தில், எஸ்டிகே (அந்தக் கன்சோலுக்கு கேம் செய்யத் தேவையான மென்பொருள் தொகுப்பு) கேட்டு விண்ணப்பித்தேன். கேம் விவரம், வீடியோ, டெமோ பில்ட் எல்லாம் கொடுத்தேன். மே மாதம் "இப்போதைக்கு ஏற்க இயலவில்லை" என்று ஒற்றை வரிப் பதில். காரணம் சொல்லவில்லை. திரும்ப எழுதினால் தானியங்கி மெயில்தான் வருகிறது.

அப்புறம், நாம் செய்த கேமை எக்ஸ்பாக்ஸிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் டெவ் மோடைப் பார்த்தேன். கடையில் வாங்கிய சீரிஸ் எஸ்ஸிலேயே அதை இயக்கலாம், உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் தனி அனுமதி இல்லாதவர்களுக்கு அதில் யூடபிள்யூபி எனும் மைக்ரோசாஃப்ட் ஆப் வடிவம் மட்டும்தான். கோடோ 4-ல் அந்த எக்ஸ்போர்ட்டே கிடையாது. கோடோ 3-க்கு இறங்கினால் ஷேடர்களில் (காட்சி விளைவுகளுக்கான நிரல்கள்) பாதியை மறுபடி எழுத வேண்டும். யூனிட்டி என்ற வேறு என்ஜினுக்கு மாறியும் பயனில்லை. கன்சோல் நிறுவனம் உங்களை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அங்கேயும் கன்சோல் மாட்யூல் கைக்கு வரும்.

கேமைக் கன்சோலுக்கு மாற்றித் தரும் போர்ட்டிங் நிறுவனத்திடம் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. தண்ணீர் லெவலில் நுழைந்ததும் பழைய லேப்டாப்பில் ஃபிரேம் ரேட் சட்டென்று விழுகிறது. கன்சோலில் அது எப்படி ஓடுகிறது என்று நானே பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கம்பெனி பதிவோ பப்ளிஷரோ இல்லாமல், தனிநபராக அனுமதி வாங்கியவர்கள் விண்ணப்பத்தில் எதைக் காட்டினீர்கள்?