லெப்பர்ட் கெக்கோ (வளர்ப்புப் பல்லி) குஞ்சுகள்: ஒரே தொட்டியா, தனித்தனியா?

லயத்துப்பல்லி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், தகரக் கூரை வீடு. பகல்ல உள்ளே 33 பாகை வரும். இரண்டு ஈடு முட்டை, நாலும் பொரிச்சிடுச்சு. முதல் ஜோடிக்கு ஒன்பது நாள், அடுத்ததுக்கு மூணு நாள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒண்ணுதான் இருக்கு. மூணு மாசம் வரைக்கும் நாலையும் அதிலேயே விடலாமா? சின்னது ரெண்டும் இன்னும் எதுவும் சாப்பிடல.

செம்மண்மேடு:
வேண்டாம் தம்பி, இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தால் பாசம் என்று நினைக்கிறோம். அது கதகதப்பான இடத்துக்கு நடக்கும் போட்டி. ஒதுக்கப்பட்ட குஞ்சுக்குச் சூடு போதாது, தின்றது செரிக்காது, வளர்ச்சி நின்றுவிடும். ஆறு நாள் மூத்தது, இளையதன் வால்நுனி நெளிவதைப் பார்த்தால் புழு என்று கவ்விவிடும். கழன்ற வால் மறுபடி முளைக்கும், ஆனால் அதில் இருந்த கொழுப்புச் சேமிப்பு போனது போனதுதான். மூன்று கிராம் குஞ்சுக்கு அது பெரிய இழப்பு. முட்டையை 32 பாகை வாக்கில் வைத்திருந்தீர்கள் என்றால் பெரும்பாலும் ஆண்களாகவே பொரித்திருக்கும். வளர்ந்தபின் கடித்துக் குதறிக்கொள்ளும்.

பால்மரக்காடு:
நாலு தொட்டி வாங்கத் தேவையில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, 30க்கு 20 செண்டிமீட்டர், நாலு போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் 3 மில்லிமீட்டர் துளைகள், பக்கத்துக்குப் பதினைந்து. உள்ளிருந்து வெளியே போடுங்கள், பிசிறு குஞ்சைக் கீறாது. வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒரே நீளச் சூட்டுப்பாய்மேல் இருக்கட்டும். சூட்டை அளந்து பாயை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அதன் உணர்முனையை ஒரு டப்பாவின் சூடான பக்கத் தரையில் ஒட்டி 32இல் வையுங்கள். அது இல்லாமல் பாய் 40ஐத் தாண்டி வயிற்றைச் சுட்டுவிடும். உங்கள் வீட்டில் பகலில் பாய் தானாக அணைந்தே கிடக்கும். அங்கே பயப்பட வேண்டியது டப்பா முழுக்கச் சூடாவதுதான், ஒதுங்க இடமே இருக்காது. அதனால் மேல் தட்டு வேண்டாம், சிமெண்டுத் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

தரைக்குச் சமையலறை டிஷ்யூ. மணல் கூடாது, விழுங்கினால் குடல் அடைக்கும். சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று என இரண்டு மறைவிடம், ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர், தோல் உரிக்க ஈர டிஷ்யூ போட்ட சின்ன மார்ஜரின் டப்பா.

செம்மண்மேடு:
மூன்று நாள் குஞ்சு தின்னாதது இயல்பு. மஞ்சள் கரு மிச்சமிருக்கும். முதல் தோலை உரித்துத் தின்றபின் பசி எடுக்கும். பறவைக் கடைச் செங்கெரிக்கில் (சில்வண்டு) பொடிசாகப் பாருங்கள், குஞ்சின் இரு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட நீளம் கூடாது. கால்சியம் தூள் தூவி நாளைக்கு நாலைந்து. தின்னாமல் விட்ட மிச்சத்தை எடுத்துவிடுங்கள், குஞ்சை அவை கடிக்கும். தோட்டத்து வெட்டுக்கிளி வேண்டவே வேண்டாம், மருந்து அடித்த புல்லைத் தின்றிருக்கும். எறும்புக்கு, அலமாரிக் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

லயத்துப்பல்லி:
ரொம்ப நன்றி அண்ணே. பெரியது ஒண்ணோட விரல்ல வெள்ளை நூல் சுத்தின மாதிரி இருக்கு. கடியா?

பால்மரக்காடு:
கடி இல்லை, உரியாத தோல். விட்டால் இறுகி ரத்தம் நின்று விரல் கறுத்து உதிரும். 30 பாகை வெதுநீரில் நனைத்த டிஷ்யூமேல் மூடிய டப்பாவில் இருபது நிமிடம் விடுங்கள். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் விரல்நுனி நோக்கி மெல்ல உருட்டுங்கள். காய்ந்திருக்கும்போது இழுக்காதீர்கள். வரவில்லையென்றால் நாளைக்கு மறுபடி. ஏற்கெனவே வீங்கிக் கறுத்திருந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.