பக்கவாட்டு இருக்கையிலிருந்து பார்த்த ஃபான்

மலிவான நுழைவுச்சீட்டுக்கு ஆசைப்பட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடமே நீளும் ஒரு நடனத்தைப் பாதி மட்டும் பார்த்த அனுபவம் என்னுடையது. பாரிஸின் கார்னியே அரங்கில், வாஸ்லாவ் நிஜின்ஸ்கி அமைத்த ‘ஒரு ஃபானின் பிற்பகல்’ என்ற பாலே அன்று மேடையேறியது. ஃபான் என்பது ரோமானியப் புராணங்களில் வரும், ஆட்டுக் கொம்பும் வாலும் கொண்ட காட்டு உயிர். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘ஃபோன்’ என்றே உச்சரிப்பதால், அழைத்த நண்பரிடம் தொலைபேசியைப் பற்றியுமா நடனம் ஆடுகிறார்கள் என்று கேட்டு அசடு வழிந்தது தனிக் கதை.

குதிரை லாடம்போல் வளைந்த அந்த அரங்கின் மேல்மாடத்தில், மேடைக்கு மிக அருகே பக்கவாட்டில் எனக்கு இடம் கிடைத்தது. தெபுஸ்ஸியின் இசை தனிப் புல்லாங்குழலோடு தொடங்கியது; மேடையிலோ எவரையும் காணவில்லை. ஃபான் படுத்திருந்த பாறை, என் பார்வைக்கு மறைந்த மூலையில் இருந்திருக்கிறது. பிறகு நுழைந்த ஏழு வனதேவதைகளும், ஒரு வரிசையின் தலைமாட்டில் நின்று பார்ப்பதுபோல, ஒருவர்மேல் ஒருவராக மறைந்து, தோளும் முழங்கையுமாகவே தெரிந்தனர். ஃபான் இறங்கி வந்தான், ஏதோ துணியை எடுத்தான், மறுபடியும் மூலைக்குப் போய் மறைந்தான். இன்னும் வருவான் என்று காத்திருந்தபோது கைத்தட்டல் எழுந்தது.

சில மாதங்கள் கழித்து, நேர் நடுவில் இடம் வாங்கி இரண்டாம் முறை பார்த்தபோதுதான், குறை இருக்கையில் மட்டுமல்ல, அதை எடுத்த என்னிடமும் இருந்தது விளங்கியது. பண்டைக் கிரேக்கச் சாடிகளில் தீட்டிய உருவங்களைப்போல, முகமும் பாதங்களும் பக்கவாட்டில் திரும்பியிருக்க, மார்பு மட்டும் நம்மை நோக்கியிருக்கும்படி நிஜின்ஸ்கி அதனை அமைத்திருக்கிறார்; மேடையின் ஆழத்தையே மறந்து, இடவலமாக மட்டும் நகரும் நடனத்தை ஓரத்திலிருந்து பார்ப்பது, சுவரோவியத்தைச் சுவரின் விளிம்பிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். பாலேவுக்குரிய வெளிநோக்கித் திருப்பிய பாதங்கள் இதில் இல்லை. குதிகாலை முதலில் ஊன்றி நடக்கிறார்கள். இசை நெளிந்து ஓட, உடல்கள் அதற்கு இணங்காமல் நின்று நின்று நகர்கின்றன. ஃபானின் விரல்கள் ஒட்டியிருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே விறைத்து நிற்கிறது. எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் கொம்பைவிட விலங்காகத் தெரிந்தது.

பாய்ச்சலுக்கே பேர்பெற்ற நிஜின்ஸ்கி, தமக்கென அமைத்த இந்தப் பாத்திரத்துக்கு ஒரேயொரு தாவலைத்தான் வைத்தார். ஓடையைக் கடப்பதாகக் கொள்ளப்படும் அந்தத் தாவல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

1912 மே 29 அன்று பாரிஸின் ஷாட்லே அரங்கில் முதலில் ஆடப்பட்டபோது, இறுதிக் காட்சிக்காக ஃபிகாரோ நாளிதழின் ஆசிரியர் கால்மெட் முதல் பக்கத்திலேயே கடுமையாகக் கண்டித்தார். சிற்பி ரொதான் ஆதரித்தார். முதல் முறை எனக்கு மறைந்துபோனது அந்தக் காட்சிதான். வனதேவதை விட்டுச்சென்ற மெல்லிய துகிலை இரு கைகளிலும் ஏந்தி ஃபான் பாறைக்கு ஏறுகிறான், அதை விரிக்கிறான், பின்னர் கைகளை ஊன்றி, அவசரமே இல்லாமல், அதன்மேல் தன் உடலை இறக்குகிறான்.