கோரிங் முதல் சவுத் ஸ்டோக் வரை: மரப்படி ஏறாமல் போக முடியுமா?

நண்பர்களே, வரும் சனிக்கிழமை அம்மாவைத் தேம்ஸ் கரையோரம் கோரிங் கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன். மூட்டுவலி. சமதளத்தில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பார். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படிகளில் மட்டும் காலைத் தூக்கி வைக்க முடியாது. கார் இல்லை, ரெடிங்கிலிருந்து ரயிலில்தான் வருவோம்.

முதலில் நினைத்தது, பாங்போர்னில் இறங்கி விட்சர்ச் வழியாகக் கோரிங் வரும் தேம்ஸ் பாதை. தனியாகப் போய்ப் பார்த்தேன். ஹார்ட்ஸ்லாக் காட்டுக்குள் சரேலென்று இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. கேட்ஹாம்ப்டன் ரயில் பாலத்துக்கு அப்பால் புல்வெளி முழுக்கச் சேறு. பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தது. அது அம்மாவுக்கு ஒத்துவராது.

எதிர்க்கரையில் ஸ்ட்ரீட்லியிலிருந்து மோல்ஸ்ஃபோர்டு போகலாம் என்றால், கடைசியில் பாதை ஆற்றை விட்டு வண்டிகள் ஓடும் சாலைக்கு ஏறிவிடுகிறது. 1:25,000 அளவில் நடப்பவர்களுக்கான வரைபடத்தையும் விரித்துப் பார்த்தாயிற்று. பாதைகளைப் பச்சைக் கோடுகளாக அழகாகக் காட்டுகிறது; மரப்படி எங்கே, கதவு எங்கே என்பதைத்தான் காட்டவில்லை. நமக்கு வேண்டியதே அதுதான்!

மிஞ்சியிருப்பது கோரிங்கிலிருந்து வடக்கே சவுத் ஸ்டோக் போகும் ரிட்ஜ்வே பாதை. 139 கிலோமீட்டர் நீளப் பாதையில் எங்களுக்கு வேண்டியது சுமார் 3 கிலோமீட்டர்தான்.

இந்த மழைக்குப் பிறகு அங்கே நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அந்தத் துண்டில் ஏறித் தாண்ட வேண்டிய மரப்படி ஒன்றாவது இருக்கிறதா?