கையால் செய்த தாள் மடித்தால் பிளக்கிறது, எங்கே தப்பு?

புதுக்கூழ்:
பழைய நோட்டுத் தாள், துண்டு விளம்பரம் எல்லாவற்றையும் ஊறவைத்து மிக்ஸியில் அரைத்து, ஜன்னல் வலையைச் சட்டத்தில் அடித்து, நாலு பேர் சேர்ந்து தாள் செய்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்த்து அட்டைக்காக நடுவில் மடித்தால் மடிப்பிலேயே பிளந்துவிடுகிறது, மைப்பேனாவால் எழுதினால் எழுத்து ஊறிப் பரவுகிறது. இன்னும் நைசாக அரைக்க வேண்டுமா?

நார்ப்பித்தன்:
ஐயோ, நைசாக அரைத்ததுதான் வினையே! மிக்ஸி பிளேடு நாரை நசுக்காது, வெட்டும். பழைய தாளில் இருப்பதே குட்டை நார், அதையும் துண்டாக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நீளம் ஏது? ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடி பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மேகம் மாதிரி கலைந்து நின்றால் போதும், அரைப்பதை நிறுத்திவிடலாம்.

அப்புறம், மூன்றில் ஒரு பங்காவது நீள நார் சேருங்கள். வாழைமட்டை நார் கிடைத்தால் விரல் நீளத்துக்கு நறுக்கி, காய்ந்த நார் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் சலவை சோடா போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வேகவையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். இழுத்தால் நார் தானாகப் பிரிய வேண்டும். தண்ணீர் தெளியும்வரை அலசி, கட்டையால் நன்றாகத் தட்டுங்கள், கை வலிக்கும், வேறு வழியில்லை. சீனாவில் கி.பி. 105இல் சாய் லுன் என்ற அதிகாரி அரசவைக்குக் காட்டியதாகச் சொல்லப்படும் தாளே மரப்பட்டை, கந்தல், மீன்வலை என்று மிச்சம்மீதியில் செய்ததுதான்.

வெட்டுத்துணி:
தையல் கழிவும் நல்ல நார்தான், ஆனால் பருத்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நூலைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகிவிடும். பாலியஸ்டர் கூழில் சேரவே சேராது, நான் ஒரு வாளி முழுக்க வீணாக்கிய பிறகுதான் தெரிந்தது.

மை பரவுவது வேறு விஷயம், தாளுக்குக் கஞ்சி இல்லை, அதாவது மையை ஊறவிடாமல் தடுக்கும் பூச்சு இல்லை. காய்ந்த தாளில் நீர்த்த ஜெலட்டினை வெதுவெதுப்பாகத் தடவி மறுபடி உலர்த்துங்கள். மாவுக்கஞ்சியும் ஆகும், பூச்சிதான் தேடி வரும்.

புதுக்கூழ்:
நன்றிங்க. வாழைநார் கலந்து பத்துத் தாள் போட்டேன், மடிப்பு நிற்கிறது! ஆனால் ஓரமெல்லாம் சுருண்டுகொள்கிறது.

நார்ப்பித்தன்:
வெயிலில் சும்மா விட்டிருப்பீர்கள். ஈரத்தோடு பலகைகளுக்கு நடுவே நன்றாக அழுத்திப் பிழிந்துவிட்டு, வழவழப்பான பலகையில் ஒட்டிக் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்தால் தானே கழன்று வரும், அவசரப்பட்டு உரிக்காதீர்கள்.