இல்லாத நோய்களின் கிண்டல் பெயர்கள்: தொகுப்புக்குச் சொற்கள் தேவை

வணக்கம். நோயே இல்லாத ஒன்றுக்கு நோய்ப் பெயர் சூட்டிக் கிண்டலடிக்கும் சொற்களைத் தொகுக்கிறோம். உங்கள் பேச்சில் புழங்குபவற்றை அனுப்புங்கள்.

சொல்லை மட்டும் அனுப்பினால் பயன்படாது. அது வரும் முழு வாக்கியம் வேண்டும். 'தேர்தல் ஜுரம்' என்றால் பரபரப்பு, 'பரீட்சை ஜுரம்' என்றால் பயம். ஜுரம் ஒன்றுதான், பொருள் வேறு. யார் யாரிடம் சொல்வது, கேட்டவர் சிரிப்பாரா முறைப்பாரா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். 'வயித்தெரிச்சல்' அப்படியே வரட்டும். அது அமிலத் தொல்லைக்கும் பொறாமைக்கும் பொது என்பதால் வாக்கியம்தான் நமக்குத் துணை.

'ஐட்டிஸ்' (-itis) என்ற ஆங்கில ஒட்டு போட்டவை நிறைய வரும். மருத்துவத்தில் அது அழற்சியைக் குறிக்கும். கிண்டலில் எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் கவனம் தேவை. 'செல்ஃபைட்டிஸ்' (ஓயாமல் செல்ஃபி எடுக்கும் பழக்கம்) 2014-இல் ஒரு பொய்ச் செய்தியாகக் கிளம்பி, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே அதை நோயாக அறிவித்துவிட்டதாகப் பரவியது. 2017-இல் அதை அளக்க ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலே உருவாக்கினார்கள். இப்படி வேடிக்கையும் ஆய்வும் கலந்தவற்றைத் தனியே குறித்து அனுப்புங்கள்.

உண்மையான நோயாளியைப் புண்படுத்தும் வசைச்சொற்கள் வேண்டாம். அவை கிண்டல் அல்ல.

இன்னொரு சந்தேகம்: 'தலைக்கனம்', 'வாய்க்கொழுப்பு' இரண்டையும் இந்தத் தொகுப்பில் சேர்க்கலாமா? உடல்கோளாறு போல ஒலித்தாலும் இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. சேர்க்கலாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.